சிமுலேட்டரில் நிஜ வண்டியின் உணர்வை வரவழைப்பது: அசையும் மேடையை முதன்முறை அமைப்பவர்களுக்கு

திரையில் சிவப்பு விளக்கு எரிகிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ஓட்டுநர் பிரேக்கை நிதானமாக அழுத்தி, கோட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்துகிறார். சாலை நின்றுவிட்டது, வேகமானியின் முள் பூஜ்யத்தில் இருக்கிறது. ஆனால் அவர் உட்கார்ந்திருக்கும் மேடை மட்டும் இன்னும் முன்பக்கம் சாய்ந்தே இருக்கிறது. ஏறத்தாழ 3 விநாடி கழித்துத்தான் அது சமநிலைக்குத் திரும்புகிறது. அந்த 3 விநாடியும், நின்றுவிட்ட வண்டி ஏதோ இறக்கத்தில் நிற்பதுபோல உடலுக்குத் தோன்றுகிறது. ஓட்டுநர் தன்னையறியாமல் பிரேக்கை இன்னும் அழுத்துகிறார். இறங்கி வந்ததும், "பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை" என்கிறார்.

பிரேக்கில் குறை எதுவும் இல்லை. குறை மேடையின் அமைப்பில் இருந்தது. நான் முதன்முதலில் அமைத்த மேடையில் நடந்தது இதுதான், அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் ஆனது. அதன்பின் என் வேலைமுறையே மாறியது. தரவேண்டிய அசைவைத் தராமல் விட்டால் ஓட்டுநர் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை. தரக்கூடாத அசைவைத் தந்தாலோ உடனே கவனித்துவிடுகிறார், சில நிமிடங்களில் அவருக்குக் குமட்டலும் வரத் தொடங்குகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் படிகள் அனைத்தும் முதலில் பொய்யான அசைவுகளை நீக்குவது, பிறகே உண்மையான அசைவுகளைக் கூட்டுவது என்ற வரிசையில் அமைந்துள்ளன. நீண்டு சுருங்கும் ஆறு கால்கள் கொண்ட மேடையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் நான்கு கால் மேடை வைத்திருப்பவர்களுக்கான மாற்றங்களைப் பின்னால் சொல்கிறேன்.

மேடைக்கு எட்டாத தூரம்

மேலே சொன்ன அதே நிறுத்தத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு சுமார் 13.9 மீட்டர். விநாடிக்கு விநாடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் வண்டி நிற்க 4.6 விநாடியும் சுமார் 32 மீட்டரும் ஆகும். அதை அப்படியே உடலுக்குக் கொடுக்க வேண்டுமானால், மேடை பின்பக்கமாக 32 மீட்டர் ஓட வேண்டும். அந்தத் தூரத்தின் முடிவில் அது விநாடிக்கு 13.9 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும், அதை நிறுத்த இன்னும் இடம் வேண்டும். டொயோட்டா நிறுவனம் 2007-ல் ஜப்பானின் ஹிகாஷிஃபுஜி ஆய்வு மையத்தில் அறிமுகப்படுத்திய சிமுலேட்டரின் கூண்டு நீளவாக்கில் 35 மீட்டரும் குறுக்கே 20 மீட்டரும் நகரக்கூடியது. அதனாலும் இந்தச் சாதாரண நிறுத்தத்தை முழுமையாகத் தர முடியாது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய சிமுலேட்டரின் ஓடுதளம் நீளத்திலும் அகலத்திலும் 64 அடி, அதாவது சுமார் 20 மீட்டர். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகச் சிமுலேட்டரின் நகர்வு 5 மீட்டர். நம்மில் பெரும்பாலோர் கையாளப்போகும் மேடையோ நடுநிலையிலிருந்து எந்தப் பக்கமும் அரை மீட்டருக்குள்தான் நகரும்.

எனவே வண்டியின் அசைவை நகலெடுப்பது நம் வேலையே இல்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். அசைவின் எந்தப் பகுதியை உடல் கூர்மையாகக் கவனிக்கிறதோ அந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து, மீதியை வேறு வழியில் ஈடுகட்டுவதே வேலை.

உடல் எதைக் கவனிக்கிறது என்பதை லிஃப்டில் ஏறிப் பார்த்தால் தெரியும். புறப்படும் கணமும் நிற்கும் கணமும் வயிற்றில் தெரிகின்றன. நடுவில் சீரான வேகத்தில் போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. உட்செவியில் இரண்டு வகை உணர்கருவிகள் இருக்கின்றன. மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்கின்றன; சீரான சுழற்சி சிறிது நேரம் நீடித்தால் அவற்றின் உணர்வு மங்கிவிடும். அவற்றுக்கு அருகிலுள்ள இரண்டு சிறு பைகளில் கூழ்போன்ற படலத்தின்மேல் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் படிந்துள்ளன. தலை எந்தப் பக்கம் தள்ளப்படுகிறது என்பதை அவை சொல்கின்றன. இந்தப் படிகங்களுக்கு ஒரு குறை உண்டு. வண்டி வேகம் குறைவதால் அவை முன்னால் சரிந்தனவா, தலை முன்பக்கம் சாய்ந்ததால் புவியீர்ப்பில் சரிந்தனவா என்று அவற்றால் பிரித்தறிய முடியாது. அசையும் மேடைக் கலையின் பாதி இந்தக் குறையின்மேல் கட்டப்பட்டிருக்கிறது.

தொடங்கும் முன்

ஆறு கால் மேடையின் வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி: 1950-களில் டன்லப் நிறுவனத்தில் எரிக் கஃப் என்ற பொறியாளர் இதை உருவாக்கியது டயர்களைச் சோதிப்பதற்காக. 1965-ல் ஸ்டுவர்ட் என்பவர் விமானப் பயிற்சிக்கான மேடை ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகு அவர் பெயரே நிலைத்துவிட்டது. டயருக்காகப் பிறந்த இயந்திரம் இன்று டயரின் பிடிமானத்தை மனிதருக்கு உணர்த்தும் வேலையைச் செய்கிறது.

அந்த இயந்திரத்தின் பலத்தை மதிக்க வேண்டும். ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒன்றும், வெளியே இயக்குபவரின் கைக்கெட்டும் இடத்தில் ஒன்றுமாக இரண்டு அவசர நிறுத்தப் பொத்தான்கள் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் முதல் ஓட்டத்துக்கு முன் இரண்டையும் அழுத்திச் சோதிக்க வேண்டும். இருக்கைப் பட்டை போடாமல் மேடையை எழுப்பக் கூடாது. கால்களின் நீள எல்லையையும் வேக எல்லையையும் மென்பொருளில் உண்மையான எல்லைக்குச் சற்று உள்ளேயே நிர்ணயித்து, எல்லையை நெருங்கும்போது மேடை மெதுவாகத் தணியும்படி செய்யுங்கள். எல்லையில் முட்டி நிற்கும் மேடை தரும் குலுக்கல் விபத்தின் குலுக்கல்போல இருக்கும்.

முதல் படி: மேடையை அணைத்துவிடுங்கள்

இது புதியவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். ஆனாலும் மேடை அசையாத நிலையில் வண்டி நன்றாக ஓட வேண்டும். திரையின் பார்வைக் கோணம் ஓட்டுநரின் கண் இருக்கும் இடத்துக்கும் திரையின் அகலத்துக்கும் பொருந்தாவிட்டால், வேகம் தவறாகத் தெரியும். வேகம் தவறாகத் தெரிந்தால் பிரேக் போடும் நேரம் தவறும். அதற்குப் பிறகு மேடை எவ்வளவு சரியாக அசைந்தாலும் பயனில்லை. ஸ்டியரிங் கைக்குக் கொடுக்கும் எதிர்விசையும் அப்படியே. முன் டயர் பிடிமான எல்லையை நெருங்கும்போது ஸ்டியரிங் சற்று லேசாக வேண்டும். ஓட்டுநர் சறுக்கலை முதலில் கையில்தான் கண்டுகொள்கிறார்.

அடுத்து தாமதத்தை அளவிடுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசி போதும். ஸ்டியரிங், திரை, மேடையின் ஓரம் மூன்றும் ஒரே சட்டகத்துக்குள் வரும்படி கைபேசியை மேடைக்கு வெளியே ஒரு முக்காலியில் நிறுத்தி, மேடையைச் சற்று உயிர்ப்பித்து, ஸ்டியரிங்கை ஒரே வெட்டாகத் திருப்புங்கள். பிறகு படம்படமாக நகர்த்திப் பாருங்கள். ஸ்டியரிங் அசைந்த படத்திலிருந்து மேடை அசைந்த படம்வரை 11 படங்கள் என்றால் தாமதம் சுமார் 46 மில்லி விநாடி. திரையில் சாலை நகர்ந்த படம்வரை 22 படங்கள் என்றால் சுமார் 92 மில்லி விநாடி. ஒவ்வொன்றையும் தனித்தனியே குறைக்க முயலுங்கள், ஆனால் அதைவிட முக்கியம் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைக் குறைப்பது. கண் ஒரு கதையும் காது ஒரு கதையும் சொன்னால், உடல் அதை வயிற்றில் காட்டும். வித்தியாசம் இருந்தே தீரும் என்றால், மேடை சற்று முந்துவதை ஏற்கலாம். மேடை பிந்துவதை ஏற்கக் கூடாது என்பது என் அனுபவம்.

இரண்டாம் படி: திசைகளைச் சரிபாருங்கள்

வண்டியின் கணித மாதிரியிலிருந்து (வண்டி எப்படி அசையும் என்று கணக்கிடும் மென்பொருள்) வரும் எண்களை நம்பி நேராக மேடைக்கு அனுப்பிவிடாதீர்கள். வாகனத் துறையிலேயே இரண்டு அச்சு மரபுகள் புழக்கத்தில் உள்ளன: சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ-வின் மரபில் குறுக்கு அச்சு இடப்பக்கமும் செங்குத்து அச்சு மேலேயும் நோக்கும், அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் பழைய மரபில் குறுக்கு அச்சு வலப்பக்கமும் செங்குத்து அச்சு கீழேயும் நோக்கும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றாக வாங்கினால் இடமும் வலமும் மாறிவிடும். அதைவிட நுட்பமான பிழை, முடுக்க எண்ணில் புவியீர்ப்பு சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதைப் பார்க்காமல் விடுவது. சேர்ந்திருந்தால், ஏற்றத்தில் நிற்கும் வண்டியின் சாய்வை மேடை இரண்டு முறை கணக்கில் எடுத்துக்கொள்ளும்.

எது சரியான திசை என்பதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பிரேக் போடும்போது மேடை பின்னால் நகர வேண்டும், முன்பக்கம் கீழே சாய வேண்டும். இடப்பக்கம் திரும்பும்போது மேடை இடப்பக்கம் நகர வேண்டும், ஆனால் வலப்பக்கம் கீழே சாய வேண்டும். இந்த இரண்டாவதில் பலர் தடுமாறுகிறார்கள். மோட்டார் சைக்கிள் வளைவின் உட்பக்கம் சாய்வதைப் பார்த்துப் பழகிய கண், காரும் அப்படிச் சாய வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. காரில் உட்கார்ந்திருப்பவரின் உடல் வளைவின் வெளிப்பக்கம்தான் தள்ளப்படுகிறது. காரின் உடலும் வெளிப்பக்கமே சாய்கிறது.

சோதனைக்கு ஓர் எளிய வழி உண்டு. பக்கத்து இருக்கையில் ஒருவரைக் கண்ணை மூடி உட்காரச் சொல்லி, ஒரு நேரத்தில் ஒரே ஓர் அச்சை மட்டும் இயக்கி, "வண்டி என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். "பிரேக் போடுகிறீர்கள்", "இடது பக்கம் திரும்புகிறீர்கள்" என்று தயங்காமல் பதில் வந்தால் அந்த அச்சு சரி. தயக்கம் வந்தால் நின்று தேடுங்கள்.

எண்கள் வரும் வேகத்தையும் பாருங்கள். வண்டி மாதிரி விநாடிக்கு 60 முறை எண் அனுப்ப, மேடையின் கட்டுப்பாட்டுக் கருவி விநாடிக்கு 1000 முறை கேட்டால், அசைவு படிக்கட்டுபோல வெட்டிவெட்டி வரும். இருக்கையில் ஒரு மெல்லிய நறநறப்பாக அது தெரியும். இடையில் மதிப்புகளை நிரவி அனுப்ப வேண்டும். ஓட்டத்தை மீண்டும் தொடங்கும்போது வண்டி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும், அந்தக் கணத்தில் முடுக்கம் பெரும் எண்ணாக வரும். அதை வெட்டிவிடும் வரம்பு கட்டாயம் வேண்டும்.

மூன்றாம் படி: தலையை மையமாக வையுங்கள்

இந்தப் படியைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், பிறகு மற்ற எல்லாவற்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போகிறார்கள். மேடை சாயும்போது எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது? பெரும்பாலும் ஆரம்ப அமைப்பில் அது மேடைத் தளத்தின் நடுப்புள்ளியாக இருக்கும். ஓட்டுநரின் தலை அதற்கு மேலே 1.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வையுங்கள். மேடை முன்பக்கம் சாயத் தொடங்கும்போது, கீழேயுள்ள புள்ளியைச் சுற்றித் தலை முன்னோக்கி வீசப்படுகிறது. சாய்வின் வேகம் விநாடிக்கு விநாடி 30 டிகிரி வீதம் கூடினால், தலையில் உண்டாகும் முன்னோக்கிய முடுக்கம் விநாடிக்கு விநாடி சுமார் 0.63 மீட்டர். அது நன்றாக உணரக்கூடிய அளவு. பிரேக்கின்போது தலைக்கு வேண்டியதோ பின்னோக்கிய முடுக்கம். ஆக, பிரேக் போட்ட முதல் கணத்தில் வண்டி ஒரு துளி வேகமெடுப்பதுபோலத் தோன்றி, பிறகுதான் குறைகிறது. ஓட்டுநர்களால் இதைச் சொல்லில் சொல்ல முடிவதில்லை. "என்னவோ மிதக்கிறது" என்பார்கள்.

மருந்து எளிது. சுழற்சி மையத்தை ஓட்டுநரின் தலைக்கு, இரண்டு காதுகளுக்கும் நடுவிலுள்ள புள்ளிக்கு, மாற்றுங்கள். வண்டி மாதிரியிலிருந்து எடுக்கும் முடுக்கத்தையும் வண்டியின் எடை மையத்தில் எடுக்காமல் அதே தலைப் புள்ளியில் கணக்கிட்டு எடுங்கள். விலை என்னவென்றால், தலையைச் சுற்றிச் சாய்வதற்காக மேடையின் கால்கள் அதிக நீளம் நகர வேண்டியிருக்கும். இருக்கும் இடத்தில் ஒரு பங்கு இதற்கே போய்விடும். தயங்காமல் கொடுக்கலாம்.

நான்காம் படி: விரைந்த அசைவுகள்

இனிதான் அசைவைக் கொடுக்கத் தொடங்குகிறோம். பெரும்பாலான மேடைகளில் இருப்பது வாஷ்அவுட் எனப்படும் முறை; விமானச் சிமுலேட்டர்களிலிருந்து வந்தது, 1985-ல் டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ரீட், நேஹான் இருவரும் அதை விரிவாக எழுதி வைத்தார்கள். வண்டியின் முடுக்கம் இரண்டாகப் பிரிகிறது. விரைவாக மாறும் பகுதியை ஹை-பாஸ் வடிகட்டி எடுத்து மேடையின் நகர்வாகக் கொடுக்கிறது. மெதுவாக மாறும் பகுதியை லோ-பாஸ் வடிகட்டி எடுத்து மேடையின் சாய்வாகக் கொடுக்கிறது. நகர்ந்த மேடை பிறகு ஓட்டுநருக்குத் தெரியாமல் மெல்ல நடுவுக்குத் திரும்புகிறது. மேடையின் எல்லைகளை முன்கூட்டியே கணக்கிட்டு நகர்வைத் திட்டமிடும் புதிய முறைகள் இன்று இருக்கின்றன, நல்ல பலனும் தருகின்றன. ஆனால் புதியவர் பழைய முறையிலேயே தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துவேன், ஏனென்றால் அதில் ஒவ்வொரு எண்ணை மாற்றும்போதும் என்ன மாறுகிறது என்பதை இருக்கையில் உட்கார்ந்தே உணரலாம்.

முதலில் எல்லா முடுக்கத்தையும் 0.5-ஆல் பெருக்கிப் பாதியாக்குங்கள். பாதியாக்கினால் பொய்யாகிவிடாதா என்று கேட்பார்கள். முடுக்கத்தின் அளவைக் கண்ணால் துல்லியமாக மதிப்பிட மனிதருக்கு வராது; முழு அளவில் கொடுத்தால் ஓட்டுநர்கள் அதை மிகையென்றே சொல்கிறார்கள். எந்த நேரத்தில் வந்தது, எந்தத் திசையில் வந்தது என்பதில்தான் உடல் கறாராக இருக்கிறது.

அடுத்தது வெட்டு அதிர்வெண், அதாவது எவ்வளவு மெதுவான அசைவுகள்வரை நகர்வாக அனுமதிப்பது என்ற எல்லை. நடுவிலிருந்து இருபுறமும் 25 சென்டிமீட்டர் நகரும் மேடை விநாடிக்கு அரைச் சுற்று ஊசலாடினால் உச்ச முடுக்கம் சுமார் 2.5 மீட்டர் கிடைக்கும். நல்ல பிரேக்குக்கு நிகரானது. அதே மேடை 5 விநாடிக்கு ஒரு சுற்று ஊசலாடினால் 0.4 மீட்டர்கூடக் கிடைக்காது. அதிர்வெண் பாதியானால் அதே முடுக்கத்துக்கு நான்கு மடங்கு இடம் வேண்டும். இந்த ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், உங்கள் மேடைக்குப் பொருந்தும் எல்லை எங்கே என்று நீங்களே கண்டுகொள்ளலாம்.

வடிகட்டியின் படிநிலையையும், அதாவது மெதுவான அசைவை அது எவ்வளவு கடுமையாக வெட்டுகிறது என்பதையும், கவனியுங்கள். இரண்டாம் படிநிலை வடிகட்டியில், நீடித்த பிரேக்கின்போது மேடை ஒரு பக்கமாகத் தள்ளி நின்றுவிடும். அடுத்த அசைவுக்கு அந்தப் பக்கம் இடம் இருக்காது. மூன்றாம் படிநிலையில் மேடை நடுவுக்கு வந்துவிடும், ஆனால் வரும் வழியில் எதிர்ப்பக்கம் ஒரு மெல்லிய தள்ளல் இருக்கும். அந்தத் தள்ளல் ஓட்டுநருக்குத் தெரிந்தால், முதலில் குறைக்க வேண்டியது பெருக்கும் எண்ணை. திரும்பும் அசைவைக் கவனிக்க இன்னொரு காரணமும் உண்டு: பயணக் குமட்டலைத் தூண்டுவதில் மிக வலியது விநாடிக்குச் சுமார் 0.2 சுற்று ஊசலாடும் மெதுவான அசைவு. கப்பலில் வயிற்றைப் புரட்டுவதும் அதுதான். நிதானமாகத் திரும்பட்டும் என்று நீங்கள் விட்ட மேடை, தெரியாமலே அந்த இடத்தில் போய் நிற்கக் கூடாது.

ஐந்தாம் படி: சாய்வால் ஈடுகட்டுதல்

மேடையை முன்பக்கம் சாய்த்து, திரையையும் கூடவே சாய்த்துவிட்டால், கண்ணுக்குச் சாலை சமமாகவே இருக்கும். உட்செவிப் படிகங்கள் புவியீர்ப்பில் முன்னால் சரியும். மூளை இரண்டையும் சேர்த்து, வண்டி வேகம் குறைகிறது என்று முடிவுசெய்யும். புவியீர்ப்பின் 0.3 பங்கு முடுக்கத்தை முழுதாகக் காட்ட வேண்டுமானால் சுமார் 17.5 டிகிரி சாய வேண்டும். பாதியாக்கிக் காட்டினால் சுமார் 8.6 டிகிரி போதும்.

ஆனால் சாய்வதை அரைவட்டக் குழல்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது. அதற்காக நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் வரம்பு விநாடிக்கு 3 டிகிரி. அந்த வேகத்தில் 8.6 டிகிரியை எட்ட ஏறத்தாழ 3 விநாடி ஆகும். முதலில் கணக்கிட்ட நிறுத்தம் 4.6 விநாடியில் முடிந்துவிடுகிறது. அதாவது சாய்வு உச்சத்தை எட்டும்போது நிறுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கும். வண்டி நின்றபின் அதே 3 விநாடி எடுத்துக்கொண்டு மேடை நிமிரும். தொடக்கத்தில் சொன்ன அந்த ஓட்டுநரின் குழப்பம் இங்கேதான் பிறந்தது.

இதைத் தீர்க்க நான் மூன்று மாற்றங்களை இந்த வரிசையில் செய்கிறேன். முதலாவது, முன்பின் திசைக்கு மட்டும் சாய்வின் பங்கை இன்னும் குறைப்பது. 5 டிகிரிக்குமேல் போகத் தேவையில்லை. இரண்டாவது, சாய்வின் வேக வரம்பைச் சற்றுத் தளர்த்துவது. 3 டிகிரி என்பது சும்மா உட்கார்ந்து கவனிப்பவருக்குப் பொருந்தும். சாலையைப் பார்த்து, கியர் மாற்றி, ஸ்டியரிங் திருப்பிக்கொண்டிருப்பவர் விநாடிக்கு 5 டிகிரியைக்கூடக் கவனிக்காமல் போகலாம். உங்கள் ஓட்டுநர்களிடம் படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். மூன்றாவது, வண்டியின் வேகம் மிகக் குறைந்துவிட்டபின் சாய்வுக்கான கட்டளையைப் படிப்படியாக வற்றச் செய்வது; அப்போது வண்டி நிற்கும்போது மேடையும் ஏறத்தாழ நிமிர்ந்துவிட்டிருக்கும். நிஜ வண்டி நிற்கும் கடைசிக் கணத்தில் உடல் லேசாகப் பின்னால் சாயும் ஒரு சிறு உதறல் உண்டு. அது விரைந்த அசைவு, ஆகவே ஹை-பாஸ் பாதை அதைத் தானாகவே தந்துவிடும். அந்தச் சின்ன உதறல் சரியான நேரத்தில் வந்துவிட்டால், ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்துவதைப் பார்க்கலாம். அசைவே இல்லாத சிமுலேட்டரில் ஓட்டுநர்கள் வழக்கத்தைவிட அழுத்தமாகப் பிரேக் போடுவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கால் தளர்வது அதனால்தான் நல்ல அறிகுறி.

சாய்வு எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி: சுவரின் நேர்மையைப் பார்க்கக் கொத்தனார் பயன்படுத்தும் தூக்குக்குண்டை ஓட்டுநரின் தலைக்கருகில் கூரையிலிருந்து கட்டித் தொங்கவிடுங்கள். நீண்ட பிரேக்கின்போது குண்டு முன்னால் நகர்ந்து நிற்கும். வண்டி நின்றபின் அது எவ்வளவு நேரம் அங்கேயே நிற்கிறது என்பதைக் கடிகாரத்தில் பாருங்கள். குண்டு தானாகவும் ஊசலாடும், அதனால் மெதுவான அசைவுகளுக்கு மட்டுமே இது உதவும். விரைந்த அசைவுகளுக்குக் கைபேசியின் முடுக்கமானியை இருக்கையில் தலையைச் சாய்த்துக்கொள்ளும் பகுதியில் இறுகக் கட்டிப் பதிவு செய்து, வண்டி மாதிரியின் எண்களோடு ஒரே வரைபடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். உயரம் பொருந்தாவிட்டால் கவலை வேண்டாம். நேரமும் திசையும் பொருந்த வேண்டும்.

ஆறாம் படி: சாலையின் நடுக்கம்

மேலும் கீழுமான அசைவில் மேடை தாராளமாக இருக்கலாம், ஏனென்றால் அது விரைவானது, இடம் குறைவாகவே கேட்கும். சாதாரணக் காரின் உடல் ஸ்பிரிங்கின்மேல் விநாடிக்கு ஒன்று, ஒன்றரை முறை எழுந்து தாழும். சக்கரங்கள் 10 முதல் 15 முறை துள்ளும். முதலாவதை மேடை தரட்டும். இரண்டாவதையும் அதற்கு மேற்பட்ட எஞ்சின் நடுக்கத்தையும் இருக்கைக்கு அடியில் பொருத்தும் சிறிய அதிர்வுக் கருவி தருவது நல்லது. செலவிடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் இதைப்போலப் பலன் தரும் பாகம் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அளவோடு வையுங்கள். விநாடிக்கு 4 முதல் 8 சுற்றுவரையிலான மேல்கீழ் அதிர்வை மனித உடல் மிகக் கூர்மையாக உணர்கிறது. அங்கே கொஞ்சம் மிகுந்தாலும் பத்து நிமிடத்தில் முதுகு வலிக்கும். முந்தைய படிகளில் மிஞ்சிய பொய் அசைவை மறைக்க நடுக்கத்தைக் கூட்டுவதும் வேண்டாம்.

வண்டி திரும்பும் சுழற்சியைப் பற்றிச் சுருக்கமாக: தெருமுனையில் 90 டிகிரி திரும்புவதை எந்தச் சிறிய மேடையாலும் தர முடியாது, முயலவும் வேண்டாம். பின்சக்கரம் வழுக்கும் அந்த முதல் கணத்தின் சுழற்சியை மட்டும் கொடுங்கள்.

நான்கு கால் மேடை வைத்திருப்பவர்களுக்கு

இவற்றால் முன்பின்னாகவோ பக்கவாட்டிலோ நகர முடியாது. எழுந்து தாழவும், முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சாயவும் மட்டுமே முடியும். ஆகவே நான்காம் படியின் பெரும்பகுதி உங்களுக்கு இல்லை, மூன்றாம் படியின் அபாயம் கூடுதலாக உண்டு, ஏனென்றால் சுழற்சி மையத்தைத் தலைக்கு உயர்த்த வழியில்லை. பெரிய கோணத்தில் சாய்த்து முடுக்கத்தைக் காட்ட முயல்வதைவிட, காரின் உடல் ஸ்பிரிங்கின்மேல் சாயும் இரண்டு மூன்று டிகிரியை மட்டும் உடனுக்குடன், தாமதமில்லாமல் காட்டுவது நம்பத்தக்கதாக இருக்கும். மானிட்டரை மேடையோடு சேர்த்துப் பொருத்துவதா தனியே தரையில் நிறுத்துவதா என்பதும் இங்கே முக்கியம்: தரையில் நின்றால் மேடையின் ஒவ்வொரு சாய்வும் கண்ணுக்குத் தெரிந்துவிடும், சேர்த்துப் பொருத்தினால் சட்டம் விறைப்பாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் நடுங்கும். விஆர் கண்ணாடி அணிபவர்கள், மேடையின் அசைவைத் தலையின் அசைவாகக் கண்ணாடி எடுத்துக்கொள்ளாமல் கழித்துவிடும் வசதி இயங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: மனிதரை வைத்துச் சோதித்தல்

மூன்று ஓட்டங்கள் போதும்: 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிறுத்தம், கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லுதல், ஒரு ரவுண்டானா. எப்போதும் அதே மூன்று, அதே வரிசை. ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். முதல் அமர்வு 5 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், முகத்தில் காற்று படும்படி மின்விசிறி ஓடட்டும். வியர்வையோ கொட்டாவியோ வாயில் உமிழ்நீரோ தொடங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. இறங்கியவர் சிறிது நேரம் உட்கார்ந்து தெளியும்வரை சொந்த வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பவும் விடக் கூடாது. கென்னடியும் அவர் குழுவினரும் 1993-ல் வெளியிட்ட, 16 அறிகுறிகள் கொண்ட கேள்வித்தாள் ஒன்று உலகெங்கும் பயன்படுகிறது. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அதை நிரப்பச் சொன்னால், நீங்கள் செய்த மாற்றம் நல்லதா கெட்டதா என்பது எண்ணாகத் தெரியும்.

"நிஜம்போல இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நீங்கள் செய்யாத எதையாவது வண்டி செய்ததா? எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். "அந்த ரவுண்டானாவை விட்டு வெளியே வந்தபின்னும் ஏதோ இழுத்துக்கொண்டே இருந்தது" என்று ஒருவர் சொன்னால், பக்கச் சாய்வு தாமதமாக நிமிர்கிறது என்று புரிந்துகொண்டு ஐந்தாம் படிக்குப் போகலாம்.

உங்கள் சொந்த உடலை மட்டும் நம்ப வேண்டாம். நாள் முழுதும் மேடையில் உட்கார்ந்து எண்களை மாற்றிக்கொண்டிருப்பவரின் உடல் அந்த மேடையின் பிழைகளுக்குப் பழகிவிடும். மாலைக்குள் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். அன்றைய அமைப்பைத் தேதியோடு சேமித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலையில் முதல் ஓட்டத்தின் முதல் 2 நிமிடத்தில் தோன்றியதை, வேறு எதையும் தொடுவதற்கு முன் நோட்டில் எழுதுங்கள். பிறகு இதுவரை அந்த மேடையில் ஏறாத ஒருவரை அழைத்து, அந்தச் சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவருடைய வலது காலைப் பாருங்கள்.